தாழிமேல் உட்கார்ந்த கழுகு

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தாமிரபரணிக் கரைக்காரர்கள் நிறையப் பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஆச்சி சொல்லி இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயசாக ஆக உடம்பு சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு வந்துவிடுமாம். வீட்டார் என்ன செய்வார்கள்? பெரிய பானைக்குள் உட்கார வைத்து, கொஞ்சம் சோறும் தண்ணியும் ஒரு விளக்கும் வைத்து, மூடிப் புதைத்துவிடுவார்களாம். நல்ல கதைதான். ஆனால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தோண்டியெடுத்த தாழிகள் அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றன. சிலவற்றில் முழு உடலையும் குத்தவைத்தாற்போல இறக்கியிருக்கிறார்கள். வேறு பலவற்றில் இருப்பது பொறுக்கிப் போட்ட எலும்புதான்: ஒரு மண்டையோடு, கை கால் எலும்பு சில. அப்படியென்றால் சதை எங்கே போயிற்று?

இதற்கு அகழாய்வுக் குழிக்குள் இறங்குவதைவிடப் புத்தக அலமாரிக்குப் போவது எளிது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரத்துச் சுடுகாட்டைச் சொல்லும் இரண்டு வரி:

"சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்"

எரிப்பது, அப்படியே போடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் வைத்து அடைப்பது, தாழியால் மூடுவது: ஒரே சுடுகாட்டில் ஐந்து வழக்கம்! இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது 'இடுவோர்'. எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சதையைத் தின்று தீர்க்கிற மிச்ச வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களின் பட்டியலைப் புறநானூறு 238-ஆம் பாட்டு தருகிறது. வெளிமான் என்ற வள்ளல் இறந்தபோது பெருஞ்சித்திரனார் பாடியது:

"கவிசெந் தாழிக் குவிபுறத் திருந்த
செவிசெஞ் சேவலும் பொகுவலும் வெருவா
வாய்வன் காக்கையும் கூகையும் கூடி"

கவிழ்த்த சிவப்புத் தாழியின் குவிந்த முதுகு. அதன்மேல் காது சிவந்த கழுகுச் சேவல். கூடவே பொகுவல் என்ற பறவை, வலுத்த அலகுள்ள காக்கை, கூகை. ஆள் வந்தாலும் எதுவும் பறக்கவில்லை, 'வெருவா' என்கிறார். பறவை பார்க்கப் போகிற நண்பர்களிடம் 'செவிசெஞ் சேவல்' என்று சொல்லிப் பாருங்கள், செந்தலைக் கழுகு என்று உடனே சொல்வார்கள். கறுத்த உடம்பு, மொட்டைச் சிவப்புத் தலை, காதுக்குக் கீழே தொங்கும் சிவப்புச் சதைமடல். வள்ளலை இழந்து நெஞ்சு கலங்கி நிற்கிற புலவர் கழுகின் காதைப் பார்த்திருக்கிறார், பாருங்கள்!

கூகைக்கு வருவோம். வீட்டுப் பக்கம் கூகை கத்தினால் சாவு விழும் என்று இன்றும் சொல்கிறோம். ஆய் அண்டிரன் இறந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய 240-ஆம் பாட்டில், பொந்துக்குள் இருக்கும் கூகை "சுட்டுக் குவி" என்று செத்தவர்களைக் கூப்பிடுகிறது. பறவைக் குரலுக்கு மனிதப் பேச்சை ஏற்றிக் கேட்கிற பழக்கம் நமக்கு எவ்வளவு பழசு! கூகையைக் கேட்டால் தன் தரப்பைச் சொல்லும்: எனக்குப் பொந்துள்ள கிழட்டு மரம் வேண்டும், எலி வேண்டும், மனுஷத் தொந்தரவு கூடாது, இது மூன்றும் சுடுகாட்டில்தானே கிடைக்கிறது?

364-ஆம் பாட்டைப் பாடியவருக்குக் கூகைக் கோழியார் என்றே பெயர். 'முதுமரப் பொத்திலிருந்து கூகைக் கோழி கத்துகிற, தாழிகள் கிடக்கும் பெருங்காடு' என்று பாடியதால், அவர் சொந்தப் பெயர் போய்க் கூகை பெயராக ஒட்டிக்கொண்டது. அதற்கு நேர்மாறு 256. குயவனைப் பார்த்து, 'வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வரும் சிறு வெண்பல்லி போலத் துணையோடு பல காடு கடந்து வந்தேன். தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்' என்று கணவனை இழந்த ஒருத்தி கேட்கிறாள். இந்தப் பாட்டைச் செய்தவர் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை.

இனி அருங்காட்சியகம். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டிக் கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றுக்கு 1915-இல் ஒரு விளக்கப் பட்டியலும் அச்சானது. உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894-இல். ஆக, தாழியும் தாழிப் பாட்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெளியே வந்திருக்கின்றன. ஆனாலும் நாம் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது பானையையும், உயரமும் காலமும் எழுதிய ஓர் அட்டையையும்தான். 238-ஆம் பாட்டின் மூன்று வரியை அங்கே எழுதி வைத்தால் பிள்ளைகள் நின்று படிக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு சொல்கிறது. சங்கப் பாட்டு அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. புலவர் பார்த்த தாழியும் அந்தத் தாழியும் ஒன்று என்று மேடையில் முழங்கக் கூடாது. வழக்கம் அவ்வளவு காலம் நீடித்தது என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய செய்தி.

தாழியைப் பார்க்க எழும்பூர் போகலாம், ஆதிச்சநல்லூருக்கே போகலாம். செவிசெஞ் சேவலைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்; அங்கேயும் கண்ணில் படுவது அதிர்ஷ்டம்தான். மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி இந்தியக் கழுகுகளை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த மருந்து ஏறிய மாடு செத்துக் கிடந்தால், தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அதே மாதிரி கழுகுக்கு ஆபத்தான வலி மருந்துகள் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை 2023-இல்தான் வந்தது. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலோக்சிகம் என்ற வலி மருந்து கடையில் கிடைக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? அடுத்த தடவை டாக்டர் ஊசி எடுக்கும்போது மருந்துப் பெயரைக் கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.