அம்மா லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் ஃப்ரிட்ஜ் வாங்க அப்பா, அம்மாவோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பனை செய்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேசியதெல்லாம் அப்பாவிடம். "ரெண்டுமே த்ரீ ஸ்டார் சார், லிட்டரும் ஒண்ணுதான். கலர் மட்டும் மேடத்தைப் பார்க்கச் சொல்லுங்க." அம்மா அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து ஸ்டார் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று அதில் போட்டிருக்கும். ஒன்றில் 192, இன்னொன்றில் 217. லேபிள் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும் அதிலேயே உண்டு. 217 போட்டிருந்தது பழைய லேபிள். ஸ்டார் விதிகளை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய மூன்று ஸ்டாரும் புதிய மூன்று ஸ்டாரும் ஒன்றல்ல. அம்மா அதைக் கேட்டார். தம்பி பதிலை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பெண் மனம் போனபடி வாங்குவாள், ஆண் கணக்குப் பார்த்து வாங்குவான் என்று ஊரே நம்புகிறது. ஆய்வுகள் சொல்வது வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் மேயர்ஸ்-லெவி 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சட்டென்று கண்ணில் படுகிற ஒன்றிரண்டு குறிப்புகளை வைத்து முடிவுக்கு வருவது ஆண்களிடம் அதிகம். சின்ன விவரத்தையும் விடாமல் சேர்த்துப் பார்க்க முயல்வது பெண்களிடம் அதிகம் என்றார். கனடாவில் கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவோரை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஆய்விலும் இதே சாயல்தான்.

சரி, இதோடு நிறுத்தினால் தப்பாகிவிடும். மேயர்ஸ்-லெவியே 1991இல் ப்ரையன் ஸ்டெர்ன்தாலோடு சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார். விஷயம் கவனத்தை நன்றாகவே இழுத்தால் இருவரும் ஆழமாகப் பார்க்கிறார்கள். துளியும் இழுக்காவிட்டால் இருவருமே பார்ப்பதில்லை. வித்தியாசம் நடுவில்தான். அதாவது திறமையில் ஏற்றத்தாழ்வு இல்லை. எந்த இடத்தில் கவனம் விழித்துக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு. குழந்தையின் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுகிற தகப்பன் ஒரு வரி விடாமல் படிப்பான். ஷாம்பு சாஷேயின் பின்பக்கத்தை யார் படிக்கிறோம்?

அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்ட ஆய்வுகளை, சேர்த்துப் பார்த்தார். பொதுவாக ஆண் பெண் இடையே அளக்கப்பட்ட உளவியல் வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை.

அப்புறம், பெண் என்பதால் மட்டுமா அம்மா படித்தார்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுவது அவர்தான். இருபத்தைந்து யூனிட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது, கண்ணும் அங்கே பழகிவிட்டது. ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் நான் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் பலர் நாளை கடையில் நிற்பீர்கள், விளம்பரம் எழுதுவீர்கள். கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். லேபிளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணிய அதே அப்பா, சென்ற மாதம் வண்டிக்கு டயர் வாங்கப் போனார். கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, டயர் ஓரத்தில் பொறித்திருந்த நாலு இலக்கத்தை விரலால் தடவிப் படித்தார். எந்த வாரம், எந்த வருடம் தயாரித்தது என்று அதில் இருக்கும். மூன்று டயரைத் திருப்பிக் கொடுத்து, நாலாவதைத்தான் வாங்கினார்.