பாஸ்டனுக்கு அந்தக் கெட்ட பெயர் தகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தத் தலைப்பில் பேசச் சொன்னபோது தயங்கினேன். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுகிற ஊர் இது. "பாஸ்டனா? நிறவெறி பிடித்த ஊராச்சே" என்று வெளியூர் நண்பர்கள் சொன்னால் சுருக்கென்று இருக்கும். அடிமை முறைக்கு எதிராக வில்லியம் லாயிட் காரிசன் 1831இல் பத்திரிகை தொடங்கியது இங்கேதானே, மார்ட்டின் லூதர் கிங் முனைவர் பட்டம் வாங்கியது இங்கேதானே என்று மல்லுக்கு நின்றிருக்கிறேன். இன்று நிற்க மாட்டேன். அந்தப் பெயர் இந்த ஊருக்குத் தகும்.

எல்லோரும் சொல்கிற உதாரணம் 1974. வெள்ளையர், கறுப்பினப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவுப்படி கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஐரிஷ் வெள்ளையர் பகுதியான தெற்கு பாஸ்டனின் பள்ளிக்குப் போன பேருந்துகள் மீது கல் விழுந்தது. கொடுமைதான். ஆனால் அந்த உத்தரவு நகர எல்லையோடு நின்றுவிட்டது என்பதைப் பலர் சொல்வதில்லை. ஏழை ஐரிஷ் பிள்ளைகளும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளும் பேருந்து மாறினார்கள். புறநகரின் நல்ல பள்ளிகளை யாரும் தொடவில்லை. அங்கே இருந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்து, கல்லெறிந்தவர்களைத் திட்டினார்கள்.

இன்னும் பின்னால் போனால் சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமி வருகிறாள். ஐந்து வயது. வீட்டுக்கு அருகில் இருந்த ஐந்து பள்ளிகளைத் தாண்டி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கு அவள் போக வேண்டும். அப்பா பாஸ்டன் நகரத்தின் மேல் வழக்குப் போட்டார். ராபர்ட் மாரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் சார்ல்ஸ் சம்னர் என்ற வெள்ளை வழக்கறிஞரும் வாதாடினார்கள். தோற்றார்கள். 1855இல் மாநிலம் சட்டம் போட்டு அந்தப் பாகுபாட்டை நிறுத்தியது, சரி. ஆனால் தீர்ப்பு ஏட்டில் இருந்தது. 1896இல் 'பிரித்து வைத்தாலும் சமம்தான்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது துணைக்கு எடுத்துக்கொண்டவற்றில் இந்த பாஸ்டன் தீர்ப்பும் ஒன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களை நாம் குறை சொல்கிறோமே, அந்த அநியாயத்துக்கு வாசகம் இங்கிருந்தும் போனது.

அப்புறம் 1989 அக்டோபர். சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர், கர்ப்பிணி மனைவியையும் தன்னையும் ஒரு கறுப்பர் காருக்குள் ஏறிச் சுட்டதாகப் போலீசுக்கு போன் செய்தார். மனைவி இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. ஊர் உடனே நம்பியது. மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். சில வாரங்கள் கழித்து, எல்லாமே அந்தக் கணவர் போட்ட திட்டம் என்று அவருடைய தம்பியே சொன்னார். ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரிடம் நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். முப்பத்து நான்கு வருடம்! அந்தப் பொய்யை ஒருவர் சொன்னார். நம்புவதற்கு ஒரு ஊரே தயாராக இருந்தது. என்னை உறுத்துவது அதுதான்.

மாறவே இல்லையா? மாறியிருக்கிறது. 2021இல் கிம் ஜேனி இடைக்கால மேயரானார், கறுப்பினத்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஆனால் 2015இல் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். கடனைக் கழித்தால், இப்பகுதியின் வெள்ளையர் குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு மிஞ்சுவது 2,47,500 டாலர். அமெரிக்காவிலேயே பல தலைமுறையாக வாழும் கறுப்பினக் குடும்பங்களில் அப்படி நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 8 டாலர். எட்டாயிரம் என்று படித்துவிடாதீர்கள், எட்டு. இதில் யாரும் கல்லெறியவில்லை, யாரும் கத்தவில்லை.

நாம் எங்கே வீடு வாங்கினோம்? நல்ல பள்ளி உள்ள புறநகரில். நானும் அப்படித்தான். மெட்கோ என்ற திட்டத்தில் 1966 முதல் பாஸ்டன் நகரப் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். என் மகள் வகுப்பிலும் ஒரு பெண் வருகிறாள். "அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள்?" என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "ஐந்து மணிக்குப்பா."

எங்கள் வீட்டில் அலாரம் ஏழு மணிக்கு.