தியானத்தில் அமரும்முன் கைவிட வேண்டியவை

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். இராமேசுவரம் முதல் தொண்டி வரையுள்ள இந்தக் கடற்கரையில் தியானம் பழகுவோர் பலர் சொல்லும் வருத்தம் ஒன்றுதான்: நெடுங்காலம் அமர்ந்தும் மனம் அடங்கவில்லை, புருவ நடுவில் ஒளி தெரியவில்லை, ஆகவே தமக்கு அருள் கிடைக்கவில்லை என்பது. அவர்களுடைய முயற்சியில் நான் குறை காணவில்லை. எப்போதோ யாரோ சொல்லிவைத்த போதனைகள்தான் பயிற்சிக்குக் குறுக்கே நிற்கின்றன.

எண்ணமே எழாத நிலைதான் தியானம் என்பது அவற்றுள் முதலாவது. இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில் சமாதி கொண்டிருக்கும் தாயுமானவர், மதயானையை வசப்படுத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், நீரின்மேல் நடக்கலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறமே அரிது என்று பாடினார். திருச்சிராப்பள்ளி அரசவைப் பணியைத் துறந்து வந்தவர், தம் மனம் அலைவதை ஒளிக்காமல் இறைவனிடம் முறையிட்டவர், அவரே அரிது என்றதை, விடியற்காலையில் கால்மணி நேரம் அமரும் ஒருவரிடம் முதல் மாதத்திலேயே எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? மூச்சைக் கவனிக்கிறோம், கவனம் நழுவுகிறது, நழுவியதை அறிந்து மீண்டும் மூச்சுக்கு வருகிறோம். அந்த அறிதலே பயிற்சி. நழுவுவதைத் தோல்வி என்று கற்றுக்கொண்டவரோ, அதைப் பிறரிடம் மட்டுமன்றித் தம்மிடமே மறைக்கப் பழகிவிடுகிறார். ஒளியையும் உள்ளே கேட்கும் நாதத்தையும் தேர்ச்சியின் அடையாளமாகத் தேடுவோருக்கும், அற்புதங்களைவிடச் சும்மா இருப்பதே அரிது என்று அந்தப் பாடலே விடை தருகிறது. ஒருநாள் தவறினால் தோஷம் வரும் என்ற அச்சத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கணவர் இருக்கையில், கண்களை மூடியதும் அவர் முகமே தெரிகிறது என்று கலங்கும் பெண்ணிடம், பற்றை அறுக்காதவரை தியானம் கைகூடாது என்று சொல்லுகிறார்கள். அவரிடம் இருப்பது அன்பு, அச்சம், படகுக் கடனைப் பற்றிய கவலை. அம்மா, அந்த முகம் வந்தால் வரட்டும். நெஞ்சில் இறுக்கமாகவோ தொண்டையில் அடைப்பாகவோ அது எங்கே தங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அமரும்போது உள்ளே இருப்பதைப் பார்க்க உதவும் போதனையை வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதை இல்லையென்று நடிக்கச் செய்யும் போதனையை, அது எத்தனை பெரியவர் வாயிலிருந்து வந்திருந்தாலும், மரியாதையோடு கைவிடுங்கள்.

மனநோய்க்கு மருந்து வேண்டாம், வழிபாடே போதும் என்ற போதனையைப் பற்றி இந்த மாவட்டத்தில் மௌனமாக இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் உயிரிழந்தனர். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு ஏர்வாடி தர்காவுக்கு வருவோரை நான் குறை சொல்லவில்லை. மருந்தும் வழிபாடும் ஒருவருக்குச் சேர்ந்தே துணை நிற்கலாம். ஆனால் தியானத்தின்போது யாரோ பேசுவதுபோல் குரல் கேட்டாலோ, பல நாள் உறக்கம் வராமல் போனாலோ, அதைச் சித்தி என்று ஒருவரும் உங்களைப் பாராட்ட விடாதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம். அமர்ந்தால் பதற்றம் கூடுகிறது என்போர் நேரத்தைக் குறைத்து, கண்களைத் திறந்தபடியே, கரையோரமாக நடந்துகொண்டும் பழகலாம்.