குழந்தை அழவில்லை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்துப் பத்து நிமிடம் என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று இந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கொடுத்துவிட்டார்கள், இனி நான் பொறுப்பில்லை.

கையில் இருப்பது அப்பாவின் வேதாகமம். முதுகுத் துணி கிழிந்து நூல் வெளியே தெரிகிறது, அதனால் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே பேசுகிறேன். இதில் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியா முடிந்து புதிய ஏற்பாட்டின் மத்தேயு ஆரம்பிப்பதற்கு நடுவே நான்கு பக்கங்கள் இருக்கின்றன. பழைய பெரிய வேதாகமங்களில் இப்படி விட்டுவைப்பார்கள், குடும்பத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாவற்றையும் அதில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு நான்கு பக்கமும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. அப்பாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும், நான்காவது பக்கத்துக்கு வருவதற்குள் எழுத்தெல்லாம் சாய்ந்து நடுங்க ஆரம்பித்துவிடும். அவர் எழுதியதைப் படிக்காமலே, எழுத்தைப் பார்த்தே அவருடைய வயதைச் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு வரி. “1969 ஜூலை 20, ஞாயிறு. மூத்தவளுக்கு ஞானஸ்நானம். குழந்தை அழவில்லை.” அவ்வளவுதான். அந்த மூத்தவள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் அக்கா. இன்று காலை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்குப் பாட்டி.

அந்தத் தேதியைக் கேட்டதும் சில பேர் தலையைத் தூக்கிப் பார்த்தீர்கள். ஆமாம், மனிதன் நிலாவில் இறங்கிய அதே நாள்தான். ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாம் அதன் காதைத் திருகிக்கொண்டிருந்த அந்த நாளில் எங்கள் அப்பா வேதாகமத்தைத் திறந்து, தன் மகள் தண்ணீர் பட்டும் அழவில்லை என்று எழுதியிருக்கிறார். நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது இதைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன், ஏம்ப்பா, உலகமே பேசின விஷயத்தை விட்டுட்டீங்களே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நிலாவைப் பத்தி எழுத ஊர்ப்பட்ட ஆள் இருக்கு. உங்க அக்கா அழாததை எழுத நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

அப்போது அது எனக்கு வெறும் சாமர்த்தியமான பதிலாகத்தான் பட்டது. பல வருஷம் கழித்து வேறு ஒரு விஷயம் தெரியவந்தது. நிலாவில் இறங்கிய இரண்டு பேரில் ஒருவரான பஸ் ஆல்ட்ரின், வெளியே கால் வைப்பதற்கு முன்பாக, அந்தச் சின்னக் கலத்துக்குள் உட்கார்ந்தபடியே திருவிருந்து எடுத்திருக்கிறார். தன் சபையிலிருந்து கொஞ்சம் அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோயிருந்தார். கிண்ணத்தில் ஊற்றிய ரசம் நம் வீட்டில் விழுகிற மாதிரி விழவில்லையாம், நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே, மெதுவாகச் சுருண்டு கிண்ணத்தின் ஓரத்தில் ஏறியதாம். ரேடியோவில் அவர் எல்லோரையும் அவரவர் வழியில் நன்றி சொல்லும்படி கேட்டுக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார். யோவான் 15-ல் ‘நானே திராட்சச்செடி’ என்று வருகிற வசனத்தைத் தனக்குள் வாசித்துக்கொண்டார். ஏன் இந்த ரகசியம் என்றால், முந்தைய கிறிஸ்துமஸுக்கு, 1968-ல், அப்பல்லோ 8-ல் போனவர்கள் ஆதியாகமத்தின் முதல் வசனங்களை வாசித்ததை எதிர்த்து வேறொருவர் நாசாவின் மேல் வழக்கு என்று கிளம்பியிருந்தார். மனிதகுலம் முழுவதுக்கும் சேர்த்துப் போன இடத்தில் அப்படிச் செய்திருக்க வேண்டாமோ என்று பிற்காலத்தில் அவரே எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது வேறு. அதே ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஒரு கிண்ணத் தண்ணீர், அங்கே ஒரு கிண்ண ரசம். இரண்டும் அன்றைய தலைப்புச் செய்தியில் வரவில்லை.

அம்மாவையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். அம்மாவுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் தெரியும், வெளியே மழையா வெயிலா என்று கூடத் தெரியும். வருஷம் மட்டும் குழம்பும். விண்ணப்பம் நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தரின் அம்மாவும் இப்படித்தான். மகன் பிறந்த நாளையும் மணியையும் அடித்துச் சொன்னார், எந்த வருஷம் என்பதில்தான் அவருக்குச் சந்தேகம் என்று லூத்தரின் நண்பர் மெலாங்க்தன் எழுதிவைத்திருக்கிறார். 1483 என்று இன்று புத்தகங்களில் போடுகிறோம். பிறந்த மறுநாள், நவம்பர் 11, பரிசுத்த மார்ட்டினின் நாளில் ஞானஸ்நானம் கொடுத்ததால் மார்ட்டின் என்று பெயர் வந்தது. அட, லூத்தரை விடுங்கள். உலகமே வருஷத்தை எண்ணுவதற்கு ஆரம்பமாக வைத்திருக்கிற அந்தப் பிறப்புக்கே வருஷக் குழப்பம் இருக்கிறதே. 525-ஆம் ஆண்டில் டயோனிசியஸ் என்ற துறவி இயேசு பிறந்த வருஷத்திலிருந்து எண்ணுகிற இந்தக் கணக்கைப் போட்டார். பெரிய ஏரோது இறந்தது கிறிஸ்துவுக்கு முன் 4-ஆம் ஆண்டு என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள், மத்தேயுவோ ஏரோது உயிரோடு இருக்கும்போதே இயேசு பிறந்தார் என்கிறார். மரியாளிடம் கேட்டிருந்தால் நேரத்தைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

குடும்பக் கணக்கும் உலகக் கணக்கும் ஒரே நோட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு அபூர்வமான இடம் இருக்கிறது. 1538-ல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு திருச்சபையும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், வாரம் நடந்த திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் போதகர் ஞாயிற்றுக்கிழமை அதில் எழுத வேண்டும், அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு சாவி போதகரிடம், இன்னொன்று சபை மூப்பரிடம். இது ஏதோ புது வரிக்கு அடிபோடுகிற வேலை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். (அகுஸ்துராயன் காலத்திலிருந்தே அரசாங்கம் நம் பெயரை எழுத வந்தால் நாம் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்க்கிறோம்!) ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று ஒரு ஞானஸ்நானம். ஜானின் மகன் வில்லியம் ஷேக்ஸ்பியர். அவர் பிறந்த நாள் நமக்குத் தெரியாது, இந்த ஒரு வரிதான் இருக்கிறது. அதே பதிவேட்டில் மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 11-ல் ஒரு நெசவாளரிடம் வேலை பழகிய பையனின் அடக்கம். அந்த வரியின் பக்கத்தில் லத்தீனில் மூன்றே வார்த்தை எழுதியிருக்கிறார்கள்: இங்கே கொள்ளைநோய் தொடங்கியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொட்டிலில் மூன்று மாதக் கைக்குழந்தை, ஊருக்குள் கொள்ளைநோய். அந்த வீட்டில் அதற்கு முன்பே பிறந்த இரண்டு பெண்குழந்தைகளும் தங்கவில்லை. அந்தத் தாய் என்ன நினைத்து ராத்திரி தூங்கியிருப்பாள்? எழுதினவருக்கு அந்தக் குழந்தை யாராக வரப்போகிறது என்று தெரியாது. அவருக்கு வில்லியமும் அந்தப் பையனும் தலைக்கு ஒரு வரிதான்.

லூக்காவும் இப்படி எழுதுகிறவர்தான். மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால் திபேரியுராயன், பிலாத்து, ஏரோது, பிலிப்பு, லிசானியா, அன்னா, காய்பா என்று ஏழு பெரிய மனிதர்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கடைசியில் வனாந்தரத்தில் இருந்த சகரியாவின் மகன் யோவானிடம் வந்து நிற்பார். ஏழு பேருடைய பெயரும் தேதி சொல்ல மட்டும் உதவுகிறது.

இப்போது அக்காவின் இளைய மகனிடம் வருகிறேன். அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால் நான் இதைச் சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் அண்ணன் வீட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். போர், வெள்ளம், அப்புறம் ஏதோ ஒரு கட்டடம் இடிந்து விழுந்த காட்சி. திடீரென்று, “மாமா, உலகம் இருக்கிற இருப்புல பிள்ளை பெத்துக்கிறதே தப்பு இல்லையா?” என்றான். நான் உடனே ஒரு வசனத்தைத் தூக்கிப் போட்டு அவன் வாயை அடைக்கப் பார்த்தேன். எரேமியா 29. பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொள்ளுங்கள், பெண் கொடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், குறுகிப்போகாதீர்கள். தோற்றுப்போய், ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, எதிரியின் தேசத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்கிறார். பார்த்தாயா என்றேன், ஜெயித்துவிட்ட மாதிரி.

ராத்திரி வீட்டுக்கு வந்து அதே புத்தகத்தைப் புரட்டினால் 16-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அங்கே தேவன் அதே எரேமியாவிடம் நீ கல்யாணம் செய்யாதே, இந்த இடத்தில் உனக்குப் பிள்ளைகள் வேண்டாம் என்கிறார், வரப்போகிற அழிவைக் காரணமாகச் சொல்லி. ஆக, ஊருக்கெல்லாம் கல்யாணம் செய்யச் சொன்னவர் கடைசிவரை தனி ஆள். அக்கா மகன் கேட்ட கேள்வி அவிசுவாசம் என்று நான் நினைத்தது என் அவசரம், அந்தக் கேள்விக்கு வேதாகமத்திலேயே இடம் இருக்கிறது. உன்னிடம் அன்றைக்கு ஜெயித்ததை இங்கே எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், தம்பி.

ஆனால் அந்த எரேமியா இன்னொரு காரியமும் செய்தார். எருசலேமை பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவல் வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது அவருடைய பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் தேசமே கைவிட்டுப் போகப்போகிறது, அதை ஊருக்குச் சொன்னவரே இவர்தான், இவரிடம் வந்து நிலம் விற்கிறான். எனக்கென்னவோ அந்த அனாமெயேல் கொஞ்சம் விவரமான ஆள் என்று தோன்றும். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, இது அநேக நாள் இருக்கும்படி மண்பாத்திரத்தில் வை என்றார். இந்த வாக்குவாதமே இல்லாத, பைத்தியக்காரத்தனமான கிரயத்தை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். யுத்தம் நடக்கவில்லை என்று அவர் பாவனை செய்யவில்லை, செய்தியை மூடிவைத்துவிட்டுப் பத்திரம் எழுதவில்லை. செய்தி அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இயேசுவிடமும் செய்தி கொண்டுவந்தார்கள். பிலாத்து சில கலிலேயரைக் கொன்ற செய்தி. அவர் அதோடு இன்னொன்றைத் தானே எடுத்தார், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்ற எல்லாரைவிடவும் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லி, கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்று திருப்பிவிட்டார். ஒவ்வொரு பேரழிவுக்கும் மறுநாளே காரணம் கண்டுபிடித்து இது இன்ன பாவத்துக்குத் தண்டனை என்று போனில் அனுப்புகிற நம் உறவினர்கள் சிலர் இந்த அறையில் இருக்கிறார்கள். யாரென்று சொல்லமாட்டேன். லூக்கா 13, முதல் ஐந்து வசனம். சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

இந்தப் பக்கங்களில் இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் காலையில் கேட்டுக்கொண்டேன், சொல்லு என்றார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒருவன் பிறந்தான். பிறப்புப் பக்கத்தில் அவனுடைய பெயர், தேதி. மரணப் பக்கத்தில் அதே பெயர், ஒன்பது நாள் தள்ளி ஒரு தேதி. பக்கத்தில் அப்பா ஒன்றுமே எழுதவில்லை, வசனம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு குறிப்பு எழுதுகிற மனிதர், அழவில்லை என்பதைக்கூட எழுதினவர், அங்கே பேனாவை வைத்து அழுத்தியிருக்கிறார், ஒரு மைப்புள்ளி மட்டும் பரவி நிற்கிறது. அம்மா இந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைப்பார், அதனால் அந்த இடம் மட்டும் காகிதம் வழவழவென்று இருக்கும். அந்த வருஷம் உலகத்தில் என்ன நடந்தது என்று நான் தேடியிருக்கிறேன். நிறைய நடந்திருக்கிறது. எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

சரி, பிரியாணி ஆறுகிறது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். பிறப்புப் பக்கத்தில் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. பேனா கொண்டுவந்திருக்கிறேன். பெயரையும் தேதியையும் குழந்தையின் அப்பாவே எழுதட்டும், குறிப்பை மட்டும் நான் எழுதுகிறேன். இவள் இன்று காலை போதகரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அழுதாள், அதற்கு நீங்கள் எல்லோரும் சாட்சி. அக்கா, கொஞ்சம் இங்கே வந்து இந்தப் பக்கத்தைப் பிடி, நூல் விட்டுப்போகிறது.