பாயை விரித்தால் பாடம்

எல்லாருக்கும் வணக்கம். நாலைந்து வயதுப் பிள்ளைகளோடு பல வருடம் வகுப்பில் இருந்தவள் நான். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது: "டீச்சர், உங்ககிட்ட சமர்த்தா உட்கார்றான். வீட்டுல மட்டும் ஏன் அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான்?"

வகுப்பில் நான் மந்திரம் எதுவும் போடுவதில்லை. வந்ததும் பையை எங்கே வைப்பது, எங்கே உட்காருவது, பாட்டு முடிந்ததும் என்ன என்பதெல்லாம் பிள்ளைக்குப் பழகிவிட்டது. சின்னப் பிள்ளை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள முடிவது கொஞ்சம்தான். அடுத்து என்ன நடக்குமோ என்பதிலேயே அதெல்லாம் போய்விட்டால், எழுத்துக்கும் எண்ணுக்கும் எங்கே மிச்சமிருக்கும்?

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். கரும்பலகை, மதிப்பெண், அதட்டல் எதுவும் வேண்டாம். அம்மா முழு நேர டீச்சராகிவிட்டால், பிள்ளை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள அம்மாவுக்கு எங்கே போகும்?

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவர் வழியில் நடக்கும் வகுப்புகளில் பிள்ளை தரையில் ஒரு சின்னப் பாயை விரித்து, அலமாரியிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து வந்து வைக்கும். வேலை முடிந்ததும் பொருள் அதே இடத்துக்குப் போகும், பாய் சுருட்டப்படும். என் வகுப்பிலும் இதை வைத்திருந்தேன். ஒரு குட்டிப் பெண் பாய் சுருட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரம் கோணிக்கொண்டு போகும். பிரித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு மறுபடி சுருட்டுவாள். நான் கை நீட்டினேன். "நானே!" என்றாள். மூன்றாவது தடவை நேராக வந்தது. தன் வேலையைத் தானே முடித்துவைத்தாள் அவள். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்குத்தான் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஆகவே வீட்டில் ஒரு பாய், ஒரு மூலை, தினமும் ஏறக்குறைய ஒரே நேரம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கை கழுவுவது, கதை, எண்ணி விளையாடுவது, எடுத்துவைப்பது என நாலு படம் வரைந்து பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அப்புறம், "அடுத்து இதைச் செய்" என்று சொல்லாமல், "அடுத்து என்ன?" என்று கேளுங்கள். பிள்ளையே போய்ப் படத்தைத் தொட்டுக் காட்டும்.

விளையாட்டை நிறுத்தச் சொல்லும்போது "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் அந்த வயதுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வா" என்றால் புரியும். சொன்னபடி இரண்டோடு நிறுத்துவது உங்கள் பொறுப்பு. ஒரு நாள் நாலாகிவிட்டால் மறுநாள் அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

பசியோ தூக்கமோ வந்த நாளில் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகிவிடாது. சரி, இனி உங்கள் கேள்விகள். முன் வரிசையில் அந்த அப்பா ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிறார், அவரிலிருந்தே தொடங்கலாம்.