25 எம்.எம். பைப்பில் எத்தனை ஒயர் விடலாம்? கீழக்கரைச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வீடு கட்டும் வேலையை இவரே நின்று பார்க்கிறாராம். "அண்ணா, அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள். மாடி அறைக்கு ஒரே ஒரு 25 எம்.எம். பிவிசி பைப் கட்டியிருக்கிறார்கள். அதில் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஆறு, 1.5 ஒயர் எட்டு, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் மூன்று போக வேண்டும். எல்லாம் நுழைந்துவிடும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். நுழையுமா?"

இழுத்துத் திணித்தால் நுழையும், சகோதரி. பத்து வருடம் கழித்து அதே ஒயரை உருவி எடுக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். நம் கரையில் உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. ஸ்விட்சைக் கழற்றினால் ஒயர் நுனி பச்சை பூத்திருக்கும். ஒயர் மாற்றும் வேலை நமக்குச் சீக்கிரம் வரும் என்று நினைத்துத்தான் பைப் போட வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். 25 எம்.எம். என்பது பைப்பின் வெளி விட்டம். உள்ளே அளந்தால் 21 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கனத்த பைப்பாக இருந்தால் இன்னும் குறையும். அதேபோல 2.5 என்பது உள்ளே இருக்கும் செம்பின் பரப்பு மட்டும். பைப்பில் இடத்தை அடைப்பது மேல் உறையோடு சேர்ந்த முழு ஒயர். 1.5 ஒயர் சுமார் 3 மில்லிமீட்டர், 2.5 ஒயர் 3.6, 4 ஒயர் 4.2 விட்டம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், கடையிலேயே ஒரு துண்டு வாங்கி வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

மூன்று ஒயரோ அதற்கு மேலோ போனால் பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. பைப்பும் வட்டம், ஒயரும் வட்டம். அதனால் பரப்பெல்லாம் கண்டுபிடிக்க வேண்டாம். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கினால் போதும். பைப்புக்கு 21 பெருக்கல் 21, 441. அதில் 40 சதவீதம் 176. இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடம்.

இப்போது ஒயர்கள். 3.6 பெருக்கல் 3.6 சுமார் 13, ஆறு ஒயருக்கு 78. 3 பெருக்கல் 3 ஒன்பது, எட்டு ஒயருக்கு 72. கூட்டினால் 150. இதுவரை சரி. ஏசி ஒயர் மூன்றுக்கும் 53 சேர்ந்தால் 203 ஆகிவிடுகிறது. இடம் போதாது. எர்த் ஒயரையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், அதை விட்டுவிடுகிறார்கள்.

மிச்சம் 60 சதவீதம் எதற்கு என்றால், வளைவில் ஒயர் புரண்டு திரும்ப இடம் வேண்டும், சூடு இறங்க வேண்டும். தனியாகப் போகும்போது 20 ஆம்பியர் தாங்கும் ஒயர், மூன்று சர்க்யூட்டுகள் ஒரே பைப்பில் முழுச் சுமையோடு ஓடினால் 14 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். சித்திரை வெயிலில் தளமே கொதிக்கும்போது ஏசி ஒயரை மற்றதோடு சேர்த்துக் கட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபத்தில் ஒரு வீட்டில் நானே திணித்து இழுத்திருக்கிறேன். வளைவில் உறை உரிந்தது தெரியவில்லை. ஐப்பசி மழையில் சுவர் ஈரமானதும் கை வைத்த இடமெல்லாம் ஷாக் அடித்தது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனது பதறுகிறது.

ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை மோட்டாருக்கு ஒயர் இழுக்கும் தம்பிகளுக்கு ஒன்று. உறையோடு சேர்த்து 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒயர் மூன்றை 17 மில்லிமீட்டர் உள்விட்ட பைப்பில் விட்டால் கணக்கு 40 சதவீதத்துக்குள்தான் வரும். ஆனாலும் மாட்டிக்கொள்ளும். பைப்பின் உள்விட்டம் ஒயர் விட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றால், வளைவில் மூன்று ஒயரும் ஒரே வரிசையில் படுத்து ஆப்பு மாதிரி இறுகிவிடும். அங்கே பெரிய பைப்புக்குப் போய்விடுங்கள்.

சகோதரி, ஏசிக்கு மட்டும் தனியாக ஒரு 20 எம்.எம். பைப் போடச் சொல்லுங்கள். அதன் உள்விட்டம் 17 என்றால் 289. உங்கள் மூன்று ஒயருக்கு 53 தான், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பி கட்டியிருக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு பைப்பின் விலையோடு போயிற்று. கான்கிரீட் கொட்டிய பிறகு சுவரை வெட்டத்தான் வேண்டும். பைப்பின் வாய் அத்தனையையும் மூடி போட்டு அடைத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரே இரவில் மணல் உள்ளே இறங்கிவிடும்.