உதயகிரி கோட்டை: குளச்சலில் பிடிபட்ட டிலனாய் என்ன ஆனார்?

[காட்சி: நெடுஞ்சாலை, கருங்கல் மதில்]

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போற ரோட்டுல, தக்கலை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி புலியூர்குறிச்சி. அங்கதான் உதயகிரி கோட்டை. இப்போ வனத்துறையோட பல்லுயிர்ப் பூங்கா. டிக்கெட் எடுத்துட்டு உள்ள போகலாம். குளச்சல் போர்ல பிடிபட்டவங்களைக் கொண்டுவந்து வச்சது இங்கதான். பிற்பாடு திப்பு சுல்தான் படையாட்களும் இங்க கைதியா இருந்திருக்காங்க.

1741. மிளகு வியாபாரத் தகராறு முத்திப்போய், டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி படை குளச்சல் கடற்கரையில இறங்குச்சு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவங்களைத் தோற்கடிச்சார். அந்த வெற்றித் தூணைப் பார்க்க எல்லாரும் கடற்கரைக்குப் போறாங்க. தோத்து, கைதியான மனுஷங்க கதி என்னாச்சுன்னு தெரியணும்னா இந்தக் கோட்டைக்கு வரணும்.

[காட்சி: கூரை இல்லாத தேவாலயம், கல்லறை]

இது டிலனாய் கல்லறை. குளச்சல்ல பிடிபட்ட டச்சுப் படைக்காரர் இவர். கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், எழுத்தைப் பாருங்க: லத்தீனும் தமிழும். லத்தீன் வாசகம் "வழிப்போக்கனே, நில்"னு ஆரம்பிக்குது. ஏறக்குறைய 37 வருஷம் மன்னருக்கு விசுவாசமா உழைச்சவர், 1777 ஜூன் 1-ல இறந்தார், வாழ்ந்தது 62 வருஷம் 5 மாசம்னு சொல்லுது. கழிச்சுப் பாருங்க, பிடிபட்டப்போ வயசு 26தான்! மிச்ச ஆயுசு மொத்தமும் தன்னைப் பிடிச்ச ராஜ்யத்துக்கே.

இந்த மதிலைப் புதுசா எடுத்துக் கட்டினதும் அவர் மேற்பார்வையிலதான். உள்ளேயே பீரங்கி வார்க்கிற பட்டறை. திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனார். நம்ம புனிதர் தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தைப் பத்திச் சொன்னவரும் இவரேதான்.

மனைவி, மகன் கல்லறையும் இங்கயே இருக்கு. மகன் 1765-ல களக்காட்டுச் சண்டையில செத்துப்போனான், அப்பா உருவாக்கின அதே படைக்காக. எனக்கு அதைத் தாண்டிப் போகவே மனசு வரல.

[காட்சி: பழைய சம்பளப் பேரேடு]

கல்லறை கிடைக்காத சாதாரண சிப்பாய்களைத் தேடவும் வழி இருக்கு. டச்சுக் கம்பெனி கப்பல் வாரியா சம்பளப் பேரேடு வச்சிருந்தது. பேர், சொந்த ஊர், வந்த கப்பல், வேலை எப்படி முடிஞ்சதுங்கிறது வரைக்கும் ஆள் ஆளா எழுதியிருக்கும். ஹேக் நகரத்துல இருக்கிற நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அதை இணையத்துல போட்டிருக்கு. கொச்சி டச்சுக்காரங்களோட பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1741-ஐ ஒட்டின வருஷங்கள்ல இருந்து ஆரம்பிங்க. ஒரே பேரை நாலு விதமா எழுதியிருப்பாங்க, அதனால சொந்த ஊரையும் சேர்த்தே தேடுங்க.